சுவர் குடித்த தண்ணீர்

கொழும்பின் கற்கள்: அத்தியாயம் 14

கிருலப்பனைச் சந்தையில் வெற்றிலை விற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றால், பழைய கொழும்பைக் கட்டிய பொருளைக் கண்ணால் பார்த்துவிடலாம். வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். அதற்குள் கட்டித் தயிர் போலச் சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு விரற்கடை தண்ணீர். அந்தத் தண்ணீரை வற்றவிட மாட்டார்கள். வற்றினால் சுண்ணாம்பு கட்டிபட்டுவிடும் என்பது வெற்றிலை போடும் எந்த ஆச்சிக்கும் தெரியும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும்வரை மாதங்கள் போனாலும் வருடங்கள் போனாலும் அது இளகியே இருக்கும்.

சந்தையை விட்டு வெளியே வந்து ஹைலெவல் வீதியைக் கடந்து, கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் மாடி வீடுகளுக்கு நடுவே பழைய வீடுகள் சில இன்னும் மிஞ்சி நிற்கின்றன. தாழ்ந்த ஓட்டுக் கூரை, அகன்ற முன் விறாந்தை, கபுக் கல்லில் கட்டிய தடித்த சுவர். தமிழ்நாட்டில் செம்பூரான் கல் என்று சொல்வது இந்தக் கபுக் கல்லைத்தான். வீட்டுக்குள் போய்ச் சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு நிறம் கறுத்திருக்கும். அதற்கு மேலே வெள்ளைப் பூப்போல உப்புப் பூத்திருக்கும். அந்த இடத்தை விரல் மொளியால் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரும். வெளிப்பூச்சு கல்லை விட்டுக் கழன்று, வெறும் தோலாக நின்றுகொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் கால்வாயைக் குறை சொல்வார். கிருலப்பனைக் கால்வாய் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. சுற்றிலும் தாழ்ந்த நிலம், ஆகவே ஈரம் ஏறுவது உண்மைதான். ஆனால் அந்த வீடு கட்டிய நாளிலும் கால்வாய் அங்கேதான் இருந்தது. அன்றைய சுவர் அதே ஈரத்தைக் குடித்துவிட்டு உலர்ந்து நின்றது. பிறகு மாறியது சுவரின் மேல் பூசிய பூச்சு. எப்போதோ ஒரு திருத்த வேலையில் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். மூன்று நான்கு மழைக்காலத்தில் அது உரிந்தது. இன்னும் தடிப்பாக, இன்னும் கெட்டியாக மறுபடியும் சீமெந்து பூசினார்கள். ஈரம் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது.

கடந்த அத்தியாயம் 1869இல் கொழும்புக் கோட்டையின் மதில்களை இடிக்கத் தொடங்கியதோடு நின்றது. மதில் போய்விட்டது. அந்த மதிலை ஒட்டவைத்த சாந்து எங்கே போனது, அதன் இடத்துக்குச் சீமெந்து எப்படி வந்தது, இப்போது ஏன் பழைய கட்டடங்களைத் திருத்துபவர்கள் மறுபடியும் சுண்ணாம்பைத் தேடுகிறார்கள் என்பது இந்த அத்தியாயம்.

*

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில், புறக்கோட்டையின் சந்தடி அடங்கும் மேட்டில் வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749இல் தொடங்கிய வேலை எட்டு வருடம் நடந்தது. ஆளுநர் ஜொவான் கிதியோன் லோட்டன் முன்னிலையில் 1757 மார்ச் 6ஆம் திகதி திறந்தார்கள். மேலிருந்து பார்த்தால் நான்கு கையும் ஒரே நீளமான சிலுவை வடிவம். சுவர்களின் தடிப்பு ஏறக்குறைய ஐந்து அடி. உள்ளே கபுக் கல், ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சுண்ணாம்பு. 1813இல் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து ஒல்லாந்து ஆளுநர்களின் எச்சங்களை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். 1856இல் மின்னல் விழுந்து நடுக்கூரை சேதப்பட்டது. அதற்குப் பிறகும் கட்டடம் நிற்கிறது. 268 வருடத்துக்கு மேலாகக் கொழும்பு மழையை வாங்கிக்கொண்டு நிற்கிறது. கொழும்பில் வருடத்துக்குச் சராசரி 2,400 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுவர்களைப் பற்றிப் பேசும்போது ஒல்லாந்தரின் திறமையை மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயமில்லை. கடலில் முருகைக்கல் உடைத்தவர்கள், அதை வள்ளத்தில் ஏற்றியவர்கள், சூளைக்கு விறகு அடுக்கியவர்கள், வெந்த கல்லைத் தண்ணீரில் நீற்றிக் கை வெந்தவர்கள் எல்லாரும் இந்தக் கரையைச் சேர்ந்த மனிதர்கள். கூலிக்கு வந்தவர்களும் உண்டு, இராசகாரியக் கட்டாயத்தில் வந்தவர்களும் உண்டு, அடிமைகளாக வைக்கப்பட்டவர்களும் உண்டு. தேவாலயத்துக்குள் ஆளுநர்களின் பெயர்கள் கல்லில் ஆழமாக வெட்டிக் கிடக்கின்றன. சுண்ணாம்பு சுட்டவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர்கள் செய்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோ எடுத்து 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோகும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், சீறும், வெடித்துப் பொங்கும். 18 கிலோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகும். இதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசியபின், அது விட்ட அதே 44 கிலோ வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு, குடித்த 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிலோ கல்லாகிவிடும். கடலில் இருந்த கல்லே மேசனின் சாந்தகப்பை வழியாகச் சுவரில் போய்ப் படிந்து பழையபடி கல்லாகிறது. சூளையில் ஒரு நாள் இரண்டு நாளில் போன வாயு, சுவருக்குள் திரும்பிவர வருடக்கணக்கு எடுக்கும். தடித்த சுவரின் நடுவில் நூற்றாண்டுகூட ஆகலாம்.

*

வெறும் சுண்ணாம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றுப் படாவிட்டால் அது இறுகாது. தண்ணீருக்குள் கட்டும் சுவருக்கு, எந்நேரமும் ஈரமாக இருக்கும் அத்திவாரத்துக்கு அது உதவாது. இந்தச் சிக்கலை ரோமர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து தீர்த்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊரில் ரைன் நதிப் பக்கத்து எரிமலைக் கல்லை அரைத்த 'திராஸ்' என்ற தூளைக் கலந்தார்கள். நம் பக்கத்தில் நன்றாக வேகாத செங்கல்லை இடித்த தூளைக் கலந்தார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார் அதைச் சுர்க்கி என்பார். அந்தத் தூளில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, காற்றே இல்லாமல் தண்ணீருக்குள்ளும் இறுகிவிடும்.

இதன் சூட்சுமத்தை எழுத்தில் பிடித்தவர் ஜோன் சிமீட்டன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். எடிஸ்டன் பாறையில் வெளிச்சவீடு கட்டும் வேலை அவரிடம் வந்தது. அலை அடித்துக்கொண்டே இருக்கும் பாறை அது. எந்தச் சுண்ணாம்பு நீருக்குள் இறுகும் என்று பார்க்க, பல ஊர்க் கற்களைச் சுட்டும் அமிலத்தில் கரைத்தும் பார்த்தார். நீருக்குள் இறுகிய சுண்ணாம்புகள் எல்லாவற்றிலும், கரையாமல் களிமண் மிஞ்சியது. களிமண் கலந்த கல்லே வேண்டும் என்று அவர் கண்டார். வெளிச்சவீட்டின் முதற்கல்லை அவர் வைத்தது 1757 யூனில். வுல்பெண்டால் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு பழைய முறை தன் உச்சத்தைத் தொட்ட அதே வருடத்தில், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அதை ஓரங்கட்டப்போகும் புதிய முறைக்கு அத்திவாரம் விழுந்தது.

அடுத்த படியும் ஒரு கொழும்பு வருடத்தோடு பொருந்தி வருகிறது. 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தர் கொழும்பைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தார்கள். அதே 1796இல் ஜேம்ஸ் பார்க்கர் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை ஒன்று பெற்றார். கெண்ட் கரையிலுள்ள செப்பித் தீவில் கிடைத்த களிமண் கலந்த சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு அரைத்தால், கால் மணி நேரத்தில் தண்ணீருக்குள்ளும் இறுகும் தூள் கிடைத்தது. எதையும் சேர்க்கவில்லை, இயற்கை கலந்து வைத்ததை அப்படியே சுட்டதுதான். 'ரோமன் சீமெந்து' என்று அதற்குப் பெயர் வந்தது. இயற்கைச் சீமெந்து என்று இப்போது சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். இதன் மென்மையான தம்பியை நீரில் இறுகும் சுண்ணாம்பு என்கிறார்கள். அமெரிக்காவில் நியூயோர்க் பக்கத்து ரோசண்டேல் ஊர்க் கல்லிலிருந்து இதே வகைச் சீமெந்தை எடுத்து 1883இல் திறந்த புரூக்லின் பாலத்துக்குப் பயன்படுத்தினார்கள். ரோசண்டேலின் கடைசி ஆலை 1970இல் மூடியது. பழைய கட்டடங்களைத் திருத்துபவர்கள் தேடியலைந்ததால், 2004இல் அந்தச் சீமெந்தை மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள்.

1824இல் ஜோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு அதன் சூளைச் சூடு 1,450 பாகை வரை ஏறியது. அந்தச் சூட்டில் கல்லும் களிமண்ணும் பாதி உருகி ஒன்றாகிவிடும். கிடைப்பது முற்றிலும் வேறு பொருள். விரைவாக இறுகும், இரும்பு போல உறுதியாக நிற்கும், எங்கே செய்தாலும் ஒரே தரம்.

*

கொழும்புக்குப் போட்லண்ட் சீமெந்து பெருமளவில் வந்தது கடல் வழியாக, கடலுக்காகவே. 1875 டிசம்பரில் அப்போதைய வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார். திட்டம் சேர் ஜோன் கூட் என்ற பொறியியலாளருடையது. கரையில் பெரிய பெரிய கொங்கிறீட் கட்டிகளை வார்த்து, சாய்வாக ஒன்றோடொன்று சாய்த்துக் கடலுக்குள் அடுக்கினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து மோதும் அலையைச் சுண்ணாம்புச் சாந்து தாங்கியிருக்காது. 1885இல் வேலை முடிந்தது, கொழும்பு ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றானது. சீமெந்தைப் பழிப்பவர்கள் அந்த அலைதாங்கியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

அதே காலத்தில் நகரத்துக்குள் நடந்தது வேறு. கொழும்பு நூதனசாலை 1877 சனவரி முதலாம் திகதி திறந்தது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். பழைய நகர மண்டபம், சுங்க மண்டபம் என்று அந்நாளைய கொழும்பின் முகங்கள் பலவற்றை எழுப்பியவர் அவர். நூதனசாலையை வெள்ளிக்கிழமைகளில் மூடிவைக்க வேண்டும் என்பதையே தனக்கு வேண்டிய பரிசாகக் கேட்டார் என்று கொழும்பு முஸ்லிம்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய ஆட்கள் பழகியது செங்கல்லும் சுண்ணாம்பும் தான். கடலுக்குச் சீமெந்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு என்று பத்துப் பதினைந்து வருடமாவது இரண்டும் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. எது எங்கே உதவும் என்று தெரிந்திருந்த காலம் அது. பிறகு அந்தத் தெளிவு மங்கிவிட்டது என்பதுதான் வருத்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சீமெந்து நம் மண்ணிலேயே பிறந்தது. கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் காங்கேசன்துறையில் தொழிற்சாலை எழுந்து, 1950இல் உற்பத்தி தொடங்கியது. வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் அந்த வருடங்களில் வீடு கட்டிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அது சொந்த ஊர்ப் பொருள். வலிகாமத்துச் சுண்ணக்கல் மூட்டைக்குள் அடங்கித் தெற்கே வந்து, சுவராக நின்றது. போரால் 1990இல் அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது. அதற்குள் புத்தளத்துத் தொழிற்சாலை வந்துவிட்டது, இறக்குமதியும் பெருகிவிட்டது. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசன்மாரின் பிள்ளைகள் மூட்டையை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றப் பழகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். நாட்கூலிக்காரனுக்குக் காத்திருக்க வழியில்லை.

*

சீமெந்து உறுதியானது என்றால், பழைய சுவருக்கு ஏன் ஆகாது?

இன்று கடையில் வாங்கும் சாதாரண போட்லண்ட் சீமெந்தில் 42.5 என்ற இலக்கம் இருக்கும். 28 நாளில் சோதனைச் சாந்து ஒரு சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 42.5 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்று அதற்குப் பொருள். ஐரோப்பியத் தரப்படி நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்புகளின் இலக்கம் 2, 3.5, 5. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் பெரிய இலக்கம்தான் நல்லது என்று தோன்றும். கபுக் கல்லைக் கோடரியாலேயே செதுக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். மென்மையான கல்லுக்கு நடுவே இரும்பு போன்ற சாந்தை வைத்தால், சுவர் சிறிது அசையும்போது உடைவது கல். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும்போது உடைவதும் கல். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெலிந்தது. உடைவதென்றால் முதலில் தானே உடையும். நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அப்பலாம். உடைந்த கபுக் கல்லை அப்படிக் கழற்றி மாட்ட முடியாது. நுண்ணிய வெடிப்புகளைச் சுண்ணாம்பு தானே மூடிக்கொள்ளவும் செய்யும். மழைநீரில் கரைந்த சிறிது சுண்ணாம்பு, வெடிப்புக்குள் போய்க் காய்ந்து அங்கேயே கல்லாகப் படிந்துவிடும்.

அதைவிடப் பெரிய விடயம் ஈரம். பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. நிலத்துத் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால், ஏறிய நீர் அந்தப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகிவிடும். ஏறுவதும் போவதும் சரிக்குச் சரியாக இருக்கும். மேலே சீமெந்து பூசினால் போகும் வழி அடைபடுகிறது. ஏறுவது நிற்பதில்லை. வழி கிடைக்கும் இடம்வரை நீர் மேலே மேலே ஏறிப்போகும். தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். சீமெந்துக்குள்ளேயே இருக்கும் கரையும் உப்புகளும் அதோடு சேரும். உப்புப் படிகம் வளரும்போது கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளும். கிருலப்பனை வீட்டில் விரலால் தட்டியபோது கேட்ட காலிப் பெட்டிச் சத்தம் அதுதான்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திரும்பக் கட்டுவித்த கோயில் அது. கருங்கல் கபுக் கல்லைப்போல நீரைக் குடிக்காது. ஒரு நகரத்துக்குள்ளேயே கல்லுக்குக் கல் வைத்தியம் வேறு.

பெரிய ஆட்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1931இல் ஏதென்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் பழைய கட்டடங்களைப் பலப்படுத்த நவீன பொருட்களை, முக்கியமாகக் கம்பிக் கொங்கிறீட்டை, யோசித்துப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் தந்தார்கள். அந்தக் கூட்டம் நடந்த நகரத்திலேயே, அக்ரோபோலிசின் பளிங்குக் கற்களுக்குள் வைத்த இரும்புக் கவ்விகள் துருப்பிடித்து வீங்கிப் பளிங்கை வெடிக்கவைத்தன. 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் 10ஆம் பிரிவு வரிசையை மாற்றி வைத்தது. பாரம்பரிய முறை போதாதபோது மட்டுமே, பலன் நிரூபணமான நவீன முறைக்குப் போகலாம் என்றது. அந்தச் சாசனத்தைக் காக்கும் ஐகோமோஸ் என்ற உலக அமைப்புக்கு 1990 முதல் 1999 வரை தலைவராக இருந்தவர் நம் தொல்பொருள் துறையின் கலாநிதி ரோலண்ட் சில்வா. ஆகவே இந்த அறிவு இலங்கைக்கு வந்து சேரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திணைக்களத்தின் கோப்பிலிருந்து ஹைலெவல் வீதிக் கட்டடப் பொருள் கடைவரைக்கும் அது இறங்கி வரவில்லை.

*

சரி, சுண்ணாம்புக்கே திரும்புவோம் என்றால், எந்தச் சுண்ணாம்பு?

இங்கே மறைக்கக்கூடாத ஓர் உண்மை இருக்கிறது. ஒல்லாந்தரின் கட்டடங்களைத் தூக்கி நிறுத்திய சுண்ணாம்பு முருகைக்கல்லிலிருந்து வந்தது. முருகைக்கல் என்பது உயிருள்ள கடற்பாறை. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடைப்பட்ட கரையில் இருபதாம் நூற்றாண்டிலும் அதை வெட்டிச் சூளையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் அதைத் திருத்தி முருகைக்கல் அகழ்வதையும் கரையோர வலயத்தில் சுண்ணாம்புச் சூளை வைப்பதையும் தடுத்தார்கள். களவாக வெட்டுவது அதன் பிறகும் நடந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, முருகைப் பாறை காப்பாற்றிய ஹிக்கடுவையில் கடல் ஏறியது ஏறக்குறைய ஐம்பது மீற்றர். சில கிலோமீற்றர் வடக்கே, பாறையை வெட்டியெடுத்துவிட்ட பெரலியவில் தண்ணீர் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. புகைவண்டி ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோன இடம் அதுவே. அடுத்த வருடம் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார்கள்.

அதனால் பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஒரு கூடை முருகைக்கல்லைக்கூடக் கடலிலிருந்து எடுக்கக்கூடாது. தேவையும் இல்லை. மாத்தளை, திகன, பலாங்கொடைப் பக்கங்களில் மலைநாட்டுச் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் சுடுகிறார்கள். யாழ்ப்பாணம் முதல் புத்தளம் வரையான கரையில் நிலத்துக்கு அடியில் படிவுச் சுண்ணக்கல் கிடக்கிறது. மக்னீசியம் கூடிய மலைநாட்டுச் சுண்ணாம்பு மெதுவாக நீறும், ஆகவே குழியில் அதிக நாள் ஊற வேண்டும். நீறாத துணுக்கு ஒன்று உள்ளே கிடந்தால், பூசி மாதங்கள் கழித்துச் சுவரில் சிறு கொப்புளமாக வெடித்துக் கிளம்பும்.

முருகைக்கல்லை எடுக்க முடியாத சிக்கல் யாழ்ப்பாணக் கோட்டையில் முழு உருவில் வந்து நின்றது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, 1680 அளவில் ஐங்கோணமாகத் திரும்பக் கட்டி, 1792இல் வெளிமதில்களை முடித்த கோட்டை அது. முருகைக்கல்லும் சுண்ணாம்புமே அதன் உடல். 1990இல் நடந்த சண்டையில் பெருஞ்சேதம் வந்தது, உள்ளே இருந்த 1706ஆம் வருடத்து ஒல்லாந்துத் தேவாலயம் இல்லாமல் போனது. போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியோடு தொல்பொருள் திணைக்களம் மதில்களைத் திருத்த இறங்கியது. அந்தக் கல்லைப் புதிதாக வெட்டச் சட்டத்தில் இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இடிந்து விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் மதிப்பு உண்டு. பழைய கல்லைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், அதில் ஒட்டியிருந்த சாந்து சுண்ணாம்பாக இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு கல்லை முழுசாகக் கழற்றித் தரும். சீமெந்து கல்லின் தோலையும் உரித்துக்கொண்டே விடும்.

தமிழ்நாட்டில் சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையில் இதே வேலை நடந்தது. 2012 சனவரியில் அந்த அரண்மனையின் கலஸ் மகால் எரிந்தது. தீயை அணைக்க வந்த அலுவலர் ஒருவரும் உயிரிழந்தார். அதற்குப் பிறகு பொதுப்பணித் துறை கலஸ் மகாலையும் பக்கத்து ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்புச் சாந்தாலேயே திருத்தியது. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்தார்கள். இதைக் கேட்டதும் பாட்டி வைத்தியம் போலத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் அதிகமாகக் கரையவிடும், சாந்து குறைந்த நீரிலேயே இளகும். கடுக்காயின் துவர்ப்பும் சாந்தை வழவழப்பாக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய மேசன்மார் வெல்லத்துக்குப் பதில் பனங்கட்டியைக் கரைத்தார்கள். தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை 1895இல் பென்னிகுவிக் முடித்தபோது, அதன் வயிற்றுக்குள் இருந்ததும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவைதான். பிற்காலத்தில் சுண்ணாம்பு கசிகிறது என்று அதற்குச் சீமெந்துப் பலமும் கொடுத்தார்கள். அணைக்கு அது பொருந்தும். ஓர் அணை மூச்சுவிட வேண்டியதில்லை.

*

கிருலப்பனை வீட்டுக்கு வருவோம். தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் திணைக்களம் இருக்கிறது. ஒழுங்கைக்குள் நிற்கும் கபுக் கல் வீட்டுக்கு அதன் சொந்தக்காரரும் ஒரு மேசன் பாசும் தான் திணைக்களம்.

முதல் வேலை சீமெந்தைக் கழற்றுவது. மின்சார வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் அரை நாளில் முடியும், கல்லும் போய்விடும். கையுளியும் சின்னச் சுத்தியலும் போதும். தட்டிப் பார்த்து, காலிச் சத்தம் கேட்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும். பெயர்த்தபின் சுவரைச் சும்மா விடுவது அடுத்த வேலை. இதைத்தான் யாரும் செய்வதில்லை. பல வருடம் அடைபட்ட ஈரம் வெளியேற ஓர் உலர்காலமாவது வேண்டும். சுவரில் பூக்கும் உப்பை ஈரத்துணியால் துடைக்காமல், உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி வாரி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சாந்துக்கு மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. கடல் மணல் என்றால் உப்புப் போகக் கழுவியதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடிப்பக்கத்து ஈரமான மூன்று நான்கு அடிக்கு, நன்றாக இடித்துச் சலித்த செங்கல் தூள் சேர்த்தால் காற்றை எதிர்பாராமல் இறுகும். உமிச்சாம்பலும் அதே வேலையைச் செய்யும், நெல் விளையும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பிரான்சிலிருந்து வரும் நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வாங்கினால் வேலை சுலபம், ஆனால் சாதாரண வீட்டுக்காரருக்கு அந்த விலை கட்டாது. சுவரை நனைத்து, ஒரு நேரத்தில் விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பூசி, வெயில் படாமல் நனைந்த சாக்குக் கட்டித் தொங்கவிட வேண்டும். சீமெந்துபோல மறுநாள் கல்லாகிவிடாது. நகத்தால் கீறினால் பல நாள்வரை தடம் விழும். அதைப் பார்த்துப் பயந்து, "கொஞ்சம் சீமெந்தும் போடுவமா ஐயா?" என்று பாஸ் கேட்பார். அந்த ஒரு பிடியில்தான் பல திருத்த வேலைகள் கெட்டிருக்கின்றன.

எல்லாம் முடிந்தபின் மேலே பிளாஸ்ரிக் வர்ணம் பூசினால் பட்ட பாடு வீண். சுண்ணாம்புக் கரைசலால் வெள்ளையடிக்க வேண்டும், மெல்லிதாக மூன்று நான்கு தடவை. முதல் நாள் கண்ணாடிபோலத் தெரியும். காயக் காய வெண்மை ஏறும்.

கொழும்பில் சுவர் வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. தென்மேற்கு மழையும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் ஓய்ந்து, காற்று உலர்ந்திருக்கும் நாட்கள் அவை. அந்த நேரத்தில் கையில் முதிர்ந்த சுண்ணாம்பு இருக்க வேண்டும் என்றால், ஆடியிலேயே நீற்றித் தண்ணீருக்கு அடியில் போட்டுவைத்திருக்க வேண்டும். குழி வெட்ட இடமில்லாத ஒழுங்கை வீட்டில் மூடியுள்ள இரண்டு பிளாஸ்ரிக் பீப்பா போதும். சுண்ணாம்புக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும்.

(அடுத்த இதழில்: கபுக் கல் வெட்டியவர்கள்)